"டர்போ போச்சு" என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நின்றுகொண்டு என் தங்கை வீட்டுக்காரர் எனக்கு போன் போட்டார். "மச்சான், வண்டி இழுக்கவே மாட்டேங்குது. மிதிச்சா குலுங்குது, மஞ்சள் லைட் விட்டு விட்டு எரியுது." மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின். 60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. மெதுவாக இறங்கி வந்து சமவெளியில் ஒரு ஷெட்டில் காட்டியிருக்கிறார். பானெட்டைத் திறந்த இரண்டாவது நிமிடமே தீர்ப்பு: "சார், டர்போ போச்சு."

டர்போ போகவில்லை. கடைசியில் மாற்றியது ஒரு இக்னிஷன் காயில், மூன்று ஸ்பார்க் பிளக், இறுக்கியது ஒரு கிளாம்ப். இவ்வளவுதான். டர்போ வண்டியில் எது நடந்தாலும் பழி டர்போ மேல் விழுகிறது, ஏனென்றால் அந்த என்ஜினில் புதிதாகத் தெரிவது அது ஒன்றுதான், விலையும் அதற்குத்தான் அதிகம். ஆனால் மிஸ்ஸிங்குக்கும் இழுவைக் குறைவுக்கும் காரணம் பெரும்பாலும் அதைச் சுற்றியிருக்கும் ரப்பரும் ஒயரும் பிளக்கும்தான். எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்தால், ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர்கூட ஷெட்டில் ஏமாறாமல் தப்பிக்கலாம். இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் என்ஜினுக்கு. டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அது வேறு கதை.

"வண்டி இழுக்கல" என்று நாம் சொல்வதற்குள் இரண்டு தனித்தனி வியாதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று மிஸ்ஃபயர், ஷெட் பாஷையில் மிஸ்ஸிங். ஏதோ ஒரு சிலிண்டர் தன் முறை வரும்போது வெடிக்காமல் விட்டுவிடுகிறது, வண்டி குலுங்குகிறது, இருமுகிறது. இன்னொன்று பவர் குறைவு. எல்லாச் சிலிண்டரும் ஒழுங்காகத்தான் வேலை செய்கின்றன, ஆனால் எல்லாவற்றுக்கும் தீனி பற்றவில்லை. குலுக்கல் இருக்காது. பின்னாலிருந்து யாரோ வண்டியைப் பிடித்து இழுப்பதுபோல மந்தமாக ஏறும், அவ்வளவுதான். குலுங்குகிறதா, மந்தமாக இருக்கிறதா என்ற இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். இரண்டும் சேர்ந்தும் வரலாம், எங்கள் வண்டியில் அப்படித்தான் வந்தது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒரு சிலிண்டர் வெடிக்க நான்கு விஷயங்கள் வேண்டும்: காற்று, பெட்ரோல், பொறி, அமுக்கம். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று உள்ளே வரும், மேலே ஏறும்போது அது அமுங்கும், சரியான நேரத்தில் பிளக் பொறி வைக்கும், கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும், எரிந்த புகை வெளியே போகும். இந்தச் சுற்று முழுமையாக முடிய கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, இரண்டு முறை சுழல வேண்டும். நின்ற இடத்தில் 900 ஆர்பிஎம்மில் ஓடும் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 450 முறை வெடிக்கிறது, மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து 1,350. அதில் ஒன்று மொத்தமாகப் படுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போச்சு. நான்கு சிலிண்டர் வண்டியில் அதே கோளாறு வந்தால் கால் பங்குதான் போகும். சின்ன மூன்று சிலிண்டர் என்ஜின்களில் மிஸ்ஸிங் வந்தால் ஸ்டீயரிங்கில் கை வைத்தாலே தெரிவது இதனால்தான்.

இதில் டர்போ என்ன செய்கிறது? கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். துருத்தி உலைக்குள் கூடுதல் காற்றை ஊதினால் அதே அடுப்பு இன்னும் ஆவேசமாக எரியும். டர்போவும் அப்படித்தான், ஆனால் துருத்தியை மிதிக்கத் தனியாக ஆள் வேண்டாம், என்ஜின் வெளியே துப்பும் புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கிறது. இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பியூஷி 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். சின்ன கார்களில் இருக்கும் டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தாண்டுவதும் உண்டு. அமுக்கிய காற்று சூடாகிவிடும் என்பதால் அதை இன்டர்கூலர் என்ற சின்ன ரேடியேட்டர் வழியாக அனுப்பிக் குளிரவைக்கிறார்கள். அழுத்தம் அளவு மீறினால், புகையில் ஒரு பகுதியை டர்போ சக்கரத்தைத் தொடாமல் வெளியே திருப்பிவிட வேஸ்ட்கேட் என்ற ஒரு கதவு இருக்கிறது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு ஒரு ஹோஸ், அங்கிருந்து என்ஜினுக்கு இன்னொரு ஹோஸ், ஒவ்வொரு மூட்டிலும் ஒரு கிளாம்ப். இந்த ஹோஸ்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மிஸ்ஸிங்கைப் பொறுத்தவரை டர்போ என்ஜினுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. அதைத் தாண்டித்தான் மின்சாரம் பொறியாகக் குதிக்க வேண்டும். அந்த இடைவெளியில் இருக்கும் காற்று எவ்வளவு நெருக்கமாக அமுங்கியிருக்கிறதோ, குதிக்க அவ்வளவு அதிக வோல்டேஜ் தேவை. டர்போ திணிக்கும்போது சிலிண்டருக்குள் காற்று இரட்டிப்பாகக்கூட இருக்கலாம். பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கிறது. காயில் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும், பிளக் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தாலும், நின்ற இடத்திலும் ஊருக்குள்ளும் ஒரு குறையும் தெரியாது. மலையில் இரண்டாவது கியரில் அழுத்தி மிதிக்கும்போதுதான், அதாவது டர்போ முழு மூச்சில் திணிக்கும்போதுதான், பொறி குதிக்க முடியாமல் தோற்கும். காலை எடுத்தால் சரியாகிவிடும். "மிதிச்சா மட்டும் குலுங்குது, விட்டா நல்லா ஓடுது" என்று மாப்பிள்ளை சொன்னபோதே எனக்குச் சந்தேகம் பிளக் பக்கம் போனதற்குக் காரணம் இதுதான். டர்போ வண்டிகளுக்குப் பிளக் இடைவெளி பொதுவாகக் குறைவாகவே, 0.7, 0.8 மில்லிமீட்டர் என்று கொடுத்திருப்பதும் இதற்காகத்தான். கடைக்காரர் "இதுவும் அதே சைஸ்தான் சார்" என்று வேறு பிளக்கை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள், வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையே கேளுங்கள்.

அந்த மஞ்சள் விளக்கைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். செக் என்ஜின் லைட் நிலையாக எரிந்தால் "ஏதோ கோளாறு, சீக்கிரம் பாருங்கள்" என்று அர்த்தம். விட்டு விட்டு எரிந்தால் "இப்போதே காலை எடு" என்று அர்த்தம். பொறி விழாத சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது, அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் செராமிக் அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு காயிலோடு முடிய வேண்டிய செலவு அப்புறம் கன்வெர்ட்டர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். மலையில் வந்தால் ஓரம்கட்டுங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் டர்போ திணிக்காத அளவுக்கு மெதுவாக, ஆக்சிலரேட்டரைப் பூப்போல மிதித்து நகர்த்துங்கள்.

மிஸ்ஸிங் நடந்ததை வண்டியின் கம்ப்யூட்டர், அதாவது ஈசியூ, எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது அழகான விஷயம். சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்க அதற்குக் கண் கிடையாது. கிராங்க் சுழலும் வேகத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் ஒரு துளி வேகமெடுக்கும், வெடிக்க வேண்டிய நேரத்தில் வேகமெடுக்காவிட்டால் "இரண்டாம் நம்பர் விட்டுவிட்டது" என்று குறித்துக்கொள்ளும். தவில் வித்வான் ஒரு அடியைத் தவறவிட்டால் பக்கத்தில் தாளம் போடுபவருக்கு உடனே தெரிந்துவிடுவதைப் போல.

குறித்துக்கொண்டதை எடுத்துப் பார்க்க ஒரு ஸ்கேனர் வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும், அதில் செருகி போனோடு ப்ளூடூத்தில் இணைக்கும் சின்ன ஸ்கேனர்கள் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்டெப்னியோடு இதையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அதில் வரும் கோடுகளில், அதாவது கோளாறுக் குறியீடுகளில், சிலவற்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், பி0302 இரண்டாவது, அப்படியே வரிசையாக. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று இல்லை, மாறி மாறி வருகிறது. பி0299 என்றால் டர்போ அழுத்தம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, பி0234 என்றால் அளவுக்கு மீறி வந்துவிட்டது. பி0171 என்றால் பெட்ரோலைவிடக் காற்று அதிகம். கோடு நோயின் பெயர் அல்ல, புகாரின் பெயர். பி0299 வந்ததும் டர்போவை மாற்றச் சொல்வது, காய்ச்சல் என்றதும் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது மாதிரி.

கோடோடு சேர்ந்து இன்னொன்றும் சேமித்திருக்கும், அதை நம்மூரில் பாதிப் பேர் பார்ப்பதே இல்லை. ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். கோளாறு பதிவான அந்த நொடியில் என்ஜின் எத்தனை ஆர்பிஎம், வண்டி என்ன வேகம், எவ்வளவு லோடு, தண்ணீர் எவ்வளவு சூடு என்பதெல்லாம் அதில் இருக்கும். போலீஸ்காரர் சம்பவ இடத்தில் எழுதும் மகஜர் மாதிரி. சில ஷெட்டுகளில் வண்டி வந்ததும் முதல் வேலையாக கோடை அழித்துவிட்டு "ஓட்டிப் பாருங்க சார், திரும்ப வருதான்னு பார்க்கலாம்" என்பார்கள். கோடோடு மகஜரும் அழிந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் இதே கதிதான். அழிக்கும் முன் போனில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். மாப்பிள்ளை எடுத்து அனுப்பியதில் இருந்தது: பி0302, இரண்டாவது கியர் வேகம், 2,600 ஆர்பிஎம், லோடு கிட்டத்தட்ட முழுசு, என்ஜின் நல்ல சூடு.

எப்போது வருகிறது என்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். அழுத்தி மிதிக்கும்போது மட்டும் வந்தால் பிளக், காயில், அதற்கடுத்து பெட்ரோல் பம்ப் போதுமான அழுத்தம் கொடுக்கிறதா என்ற சந்தேகம். காலையில் குளிர்ந்த என்ஜினில் மட்டும் வந்து, இரண்டு நிமிடத்தில் தானாகச் சரியானால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் கசிவு, வால்வில் கரி, சிலிண்டருக்குள் கூலன்ட் கசிவது என்று வேறு திசை. நின்ற இடத்தில் குலுங்கி, வேகமெடுத்தால் சரியாகிவிட்டால் எங்கோ திருட்டுக் காற்று உள்ளே நுழைகிறது. மழைக்குப் பிறகோ வாட்டர் சர்வீஸ் விட்டு வந்த மறுநாளோ வந்தால் யோசிக்கவே வேண்டாம், பிரஷர் வாஷில் அடித்த தண்ணீர் பிளக் குழிக்குள் இறங்கியிருக்கும், காயிலைக் கழற்றிக் காயவிட்டால் பல சமயம் அதோடு முடிந்துவிடும். பத்து நாள் நிறுத்தி வைத்த வண்டியில் திடீரென்று வந்தால், சிரிக்காதீர்கள், எலி கடித்த ஒயரைத் தேடுங்கள்.

இனி எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்க, காசே செலவில்லாத ஒரு வழி: இடம் மாற்றிப் பார்ப்பது. இன்றைய என்ஜின்களில் பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும், ஒரு போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான். என்ஜின் ஆறிய பிறகு இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றுக்கும் மூன்றாம் காயிலை இரண்டுக்கும் மாற்றிப் போடுங்கள். கோடை அழித்துவிட்டு அதே மாதிரி ஏற்றத்தில் ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் குற்றவாளி காயில்தான், இடம் மாறியதும் கோளாறும் கூடவே போய்விட்டது. பி0302-வாகவே நின்றால் காயில் நிரபராதி, அடுத்து பிளக்கை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதுவும் நகரவில்லையென்றால் இன்ஜெக்டர், அதற்குப் போகும் ஒயர், கடைசியில் அமுக்கம். எங்கள் வண்டியில் முதல் மாற்றத்திலேயே கோளாறு மூன்றாம் நம்பருக்கு ஓடிவிட்டது. அந்தக் காயிலை வெளியே எடுத்துப் பார்த்தால் ரப்பர் பூட்டில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கோடு போட்டதுபோல ஒரு கறுப்புத் தடம். மின்சாரம் சிலிண்டருக்குள் குதிக்கச் சிரமப்பட்டு, வெளியே சுலபமான வழியைப் பிடித்துப் போயிருக்கிறது. மூன்று பிளக்கின் இடைவெளியும் அளவைவிடக் கூடியிருந்தது. காயில் அவ்வளவு சீக்கிரம் களைத்துப்போனதற்கு அந்தத் தேய்ந்த பிளக்கும் ஒரு காரணம், அதனால் மூன்றையும் மாற்றினோம்.

பழைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தில், என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் ஒயராகப் பிடுங்கி எது செத்தது என்று பார்க்கும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வண்டிகளில் அதை அனுமதிக்காதீர்கள். ஷாக் அடிப்பது ஒரு பக்கம், காயிலும் ஈசியூவும் அடிவாங்கலாம், எரியாத பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குப் போகும்.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறியாமல் சிலிண்டர் வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் ஆரோக்கியம். காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. மற்றதெல்லாம் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல வெளுப்பாக இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறதா, ஹெட் கேஸ்கெட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முனைக்கு மேலே, பிளக் குழியிலேயே ஆயில் தேங்கியிருந்தால் அது வால்வு கவர் கேஸ்கெட் கசிவு, பயப்பட ஒன்றுமில்லை.

பொறியும் பெட்ரோலும் சரி என்றால் அமுக்கத்தைப் பார்க்க வேண்டும், இது ஷெட் வேலை. கம்ப்ரஷன் கேஜ் வைத்து எல்லாச் சிலிண்டரையும் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் உள்ளே ஏதோ கசிகிறது. எங்கே என்று தெரிய சிலிண்டருக்குள் கம்ப்ரஸர் காற்றை ஏற்றிக் காது கொடுத்துக் கேட்பார்கள்: ஆயில் ஊற்றும் வாய் வழியாகச் சீறினால் பிஸ்டன் ரிங், சைலன்சர் வழியாகச் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இன்னொரு விஷயம், உங்கள் வண்டி நேரடி இன்ஜெக்ஷன் வகையாக இருந்தால், அதாவது பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படும் வகை, இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் தொடவே தொடாது. பழைய வகையில் பெட்ரோல் அதன் மேல் பட்டுக் கழுவிக்கொண்டே இருக்கும். இதில் ஆயில் ஆவி படிந்து படிந்து கரி கட்டிக்கொள்ளும், குளிர்ந்த என்ஜினில் மிஸ்ஸிங் வரும். டேங்கில் ஊற்றும் கிளீனர் எதுவும் அதைத் தொடாது, ஏனென்றால் பெட்ரோலே அங்கே போவதில்லை. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்வதுதான் வழக்கமான வைத்தியம்.

சரி, எங்கள் கதைக்கு வருவோம். காயில் மாற்றினோம், குலுக்கல் நின்றது, விளக்கு அணைந்தது. மாப்பிள்ளைக்கு ஏக சந்தோஷம். நான் ஓட்டிப் பார்த்தேன், குலுக்கல் இல்லைதான், ஆனால் அந்த என்ஜினுக்கு இருக்க வேண்டிய உதை இல்லை. 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் முதுகை சீட்டில் அழுத்தும் அந்தத் தள்ளல் வரவில்லை. மிஸ்ஸிங்கின் சத்தத்தில் இரண்டாவது வியாதி இத்தனை நாளாக மறைந்துகிடந்திருக்கிறது. "எனக்கு இப்படித்தான் எப்பவும் இருக்கு மச்சான்" என்றார். மெல்ல மெல்லக் குறைந்தது தினமும் ஓட்டுபவருக்குத் தெரியாது.

பவர் குறைவில் முதலில் கேட்க வேண்டியது: என்ஜின் முடியாமல் குறைக்கிறதா, ஈசியூ வேண்டுமென்றே குறைக்கிறதா? லிம்ப் மோட் என்று ஒன்று உண்டு. ஏதாவது அளவு தப்பாகத் தெரிந்தால் என்ஜினைக் காப்பாற்ற ஈசியூ டர்போவை அடக்கி வைத்துவிடும், வண்டி நொண்டி நொண்டி வீடு போய்ச் சேரும். சாவியை அணைத்துப் போட்டதும் பழைய வேகம் திரும்பி, அடுத்த ஏற்றத்தில் மறுபடி படுத்தால் அநேகமாக இதுதான், ஸ்கேனரில் கோடு காத்திருக்கும். இது கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பும் அல்ல. 1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், டர்போ வைத்து விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று, கலவை தானாகவே வெடித்து என்ஜின் தட்டாமல் இருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்கில் கேட்டது. அது தீர்ந்தால் ஒரு வால்வு டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்திவிடும். ஊற்ற மறந்தவர்கள் வண்டி இழுக்கவில்லை என்று புலம்பினார்கள், பலர் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் போட்டுக்கொண்டார்கள்.

எங்கள் வண்டியில் கோடு எதுவும் இல்லை. அப்போது பார்க்க வேண்டியது அழுத்தத்தின் அளவு. ஸ்கேனரில் மேனிஃபோல்ட் அழுத்தம் கிலோபாஸ்கலில் தெரியும். சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள், சமவெளியில் 100-க்குக் கொஞ்சம் முன்பின் காட்ட வேண்டும், அது வெளிக்காற்றின் அழுத்தம். அதுவே தப்பாக இருந்தால் சென்சாரில் கோளாறு. ஊட்டி உயரத்தில், அதாவது 2,240 மீட்டரில், இது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும், அங்கே குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம். ஐடிலிங்கில், அதாவது மிதிக்காமல் நின்ற இடத்தில் ஓடும்போது, 30, 40 என்று இறங்கும். மூன்றாவது கியரில், காலியான ஏற்றத்தில், முழுதாக மிதித்தால் இந்தச் சின்ன டர்போக்களில் 180, 200 என்று ஏற வேண்டும். போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுபவர் ரோட்டைப் பார்த்தால் போதும். எங்களுக்கு 150-ஐத் தாண்டவில்லை. டர்போ ஊதுகிறது, ஊதிய காற்று எங்கோ வழியில் போய்விடுகிறது.

காற்றுக் கசிவைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன உண்மை உதவும். மிதிக்கும்போது திறந்து காற்றை உள்ளே விடும் கதவுதான் த்ராட்டில். அதற்குப் பின்னால், மேனிஃபோல்டில், ஐடிலிங்கின்போது உறிஞ்சல் இருக்கும், மிதிக்கும்போது தள்ளல் இருக்கும். அங்கே விரிசல் விட்டால் ஐடிலிங்கில் திருட்டுக் காற்று உள்ளே வந்து குலுக்கும், பி0171 போடும், மிதிக்கும்போது வெளியே ஊதும். ஆனால் டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில், அந்த இன்டர்கூலர் ஹோஸ்களில் கசிந்தால் ஐடிலிங்கில் ஒன்றுமே தெரியாது, மிதிக்கும்போது மட்டும் பவர் குறையும். காற்றை நுழைவாயிலிலேயே அளக்கும் சென்சார் உள்ள வண்டியாக இருந்தால், அளந்த காற்று வழியில் போய்விட, ஈசியூ அதே கணக்குக்குப் பெட்ரோல் ஊற்ற, கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்துகொள்ளும்.

கண்டுபிடிப்பது பஞ்சர் கடை வித்தைதான். ஹோஸின் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டிக் கறுப்பாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், காற்றோடு வரும் ஆயில் ஆவி கசியும் இடத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் போகும். ரப்பரைக் கையால் மடக்கிப் பாருங்கள், சூட்டில் வெந்து வெந்து அடிப்பக்கம் வெடித்திருக்கும், மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். அப்புறம் ஷெட்டில் என்ஜினை அணைத்துவிட்டு, குழாயின் ஒரு முனையை அடைத்து மெதுவாகக் காற்று ஏற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். புகை ஏற்றிப் பார்க்கும் மெஷின் இருந்தால் இன்னும் சுலபம். எங்களுக்கு இன்டர்கூலரிலிருந்து வரும் ஹோஸில் கிளாம்ப் தளர்ந்து, ஹோஸ் பாதி நழுவி நின்றிருந்தது. ஏதோ சர்வீஸில் கழற்றியவர்கள் சரியாக மாட்டவில்லை போல.

கசிவு இல்லையென்றால் அடுத்தது வேஸ்ட்கேட் கதவு. அது மூடாமல் திறந்தே சிக்கிக்கொண்டால் புகையில் பெரும்பகுதி டர்போவைத் தொடாமல் ஓடிவிடும். அதை இயக்கும் சோலனாய்டு, அதாவது மின்சார வால்வு, மக்கர் செய்தாலும் இதே கதை வரலாம். அதிக வேகத்தில் மூச்சே விட முடியாததுபோல் இருந்தால், முன்பு மிஸ்ஸிங்கில் நாட்கணக்காக ஓட்டிய வரலாறும் இருந்தால், கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம், வெளியே போக வழியில்லாத புகை டர்போவைச் சுழற்றாது. ஏர் ஃபில்டரைச் சொல்லவே வேண்டாம், அதைப் பார்க்காமல் வேறெதையும் பார்க்கக் கூடாது. பெட்ரோலும் ஒரு காரணமாகலாம். கையேடு கேட்கும் ஆக்டேன் அளவைவிடக் குறைந்த பெட்ரோலைப் போட்டால், என்ஜின் தட்டுவதை நாக் சென்சார் கேட்டு, ஈசியூ பொறி வைக்கும் நேரத்தைத் தள்ளிப்போட்டு, சக்தியைக் குறைத்துவிடும்.

டர்போ நிஜமாகவே போவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அப்போது சைரன் மாதிரி ஊளைச் சத்தம் வரும், நீலப் புகை வரும், ஆயில் வேகமாகக் குறையும். ஹோஸைக் கழற்றித் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால், பக்கவாட்டில் மிகக் கொஞ்சம் ஆட்டம் இருப்பது சகஜம், அது ஆயில் படலத்தில் மிதக்கும் தண்டு. முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரத்தின் விளிம்பு கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ போச்சுதான். டர்போவை மாற்றச் சொல்பவரிடம் இந்த இரண்டில் ஒன்றைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். அது ஏன் போனது என்றும் கேளுங்கள். கருகிய ஆயில் அடைத்த குழாயை அப்படியே விட்டுப் புது டர்போவை மாட்டினால் அதுவும் சீக்கிரம் அதே வழியில் போகும்.

கிளாம்பை இறுக்கிய பிறகு 195 வரை ஏறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வால்பாறை போய்விட்டு வந்து போன் செய்தார். வண்டி பறக்கிறதாம், 40 வளைவிலும் எங்கேயும் திணறவில்லையாம். "ஆனா ஒரு குறை மச்சான். மிதிச்சா புஸ்ஸுனு ஒரு விசில் சத்தம் வருமே, டர்போ சத்தம், ஆபீஸ்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுவேனே, அது இப்ப வரவே மாட்டேங்குது."